தாய்ச்சியில் நேராக நிற்பது: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

"நேராக நில்லுங்கள்" என்று சொன்னதும், மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சிக்குப் புதிதாக வந்தவர்கள் நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னுக்கு இழுத்து விறைத்துக்கொள்கிறார்கள். மூச்சு மேலேயே நின்றுவிடும், கீழ்முதுகு வளைந்துவிடும், பாதத்தில் எடை இறங்காது. தாய்ச்சியின் யாங் பாணி ஆசான் யாங் செங்ஃபூ (1883–1936) வகுத்த பத்து விதிகளில் முதலாவது, உச்சந்தலை லேசாக மேலெழ வேண்டும், அதற்காகக் கழுத்தை இறுக்கக் கூடாது என்பது. அடுத்ததே நெஞ்சைத் தளர்த்துவது பற்றித்தான்.

சிலர் இதைக் கேட்டுவிட்டு நேர் எதிராகப் போய், நெஞ்சைக் குழித்துக் கூன் போடுவார்கள், வால் எலும்பை வலிந்து உள்ளே மடக்குவார்கள். இரண்டாவது ரொம்பக் கெடுதல். பிட்டம் இறுகினால் இடுப்பு மூட்டு பூட்டிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், உடலின் நேர்நிலை தவறுவது பெரும்பாலும் முதுகில் இல்லை, இந்த இடுப்பில்தான். ஒரு கையால் முழங்காலுக்கு முன்னே தள்ளி விலக்கி, மறு கையை முன்னே நீட்டும் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு திரும்ப வேண்டிய நேரத்தில் அது திரும்பாததால், அந்தத் திருப்பம் முழங்காலுக்குப் போய்விடுகிறது. முழங்கால் உள்பக்கம் சரிகிறது, பாதத்தின் வெளி விளிம்பு தரையை விட்டுத் தூக்குகிறது. விரல்களைத் தொடை மடிப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். எடை இறங்கும் பக்கத்து மடிப்பு விரலைக் கவ்வ வேண்டும். கவ்வவில்லை என்றால் திரும்பியது முழங்கால். முழங்கால் எப்போதும் கால் விரல்கள் காட்டும் திசையிலேயே, அவற்றைத் தாண்டாமல் இருக்கட்டும். வலி வந்தால் பொறுத்துக்கொண்டு தொடராதீர்கள். நிலையை உயர்த்தி, அடியையும் குறுக்கிக்கொள்ளுங்கள். தாழ நிற்பது திறமைக்கு அடையாளம் இல்லை.

அப்புறம், கையை நீட்டும்போது தலையும் கூடவே போய்விடுவது. யாங் பாணியில் இது தவறு. ஆனால் வூ பாணி என்ற இன்னொரு பாணியின் ஆசான் வூ ஜியான்சுவான் (1870–1942) வழியில் வருபவர்கள் வேண்டுமென்றே முன்சாய்ந்து நிற்பார்கள். உச்சந்தலையிலிருந்து பின் குதிகால் வரை ஒரே கோடாக இருக்கும், இடையில் உடைப்பு இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "குனியாதீர்கள்" என்று திருத்தப் போக வேண்டாம். சாய்வு இருக்கலாம், இடுப்பில் மடிந்து தொங்கக் கூடாது.

பாதத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதையும் விடுங்கள். கண் கீழே போனால் தலையும் போகும், பின்னாலேயே மேல்முதுகும் வளையும். அடி சரியா என்று சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் செல்போனை வைத்துப் படமெடுத்து, பயிற்சி முடிந்தபின் பாருங்கள்.