ஊரடங்கில் நம்ம கடை திறக்கலாமா? ஆணையைப் படிக்கும் முறை

ஊரடங்கு அறிவித்ததும் வியாபாரிகள் சங்க வாட்ஸ்அப் குழுவில் வரும் முதல் கேள்வி, "நம்ம கடை உண்டா, இல்லையா?" என்பதுதான். டிவியில் ஓடும் வரியை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆணையைத் திறந்து படிக்க வேண்டும். பத்துப் பக்க பிடிஎஃப்பைப் பார்த்ததும் மூடிவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் 2020, 2021 கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தவை.

படி 1: யார் போட்ட ஆணை?

முதல் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். 2020 மார்ச் 24 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நாடு முழுவதற்கும் ஆணை போட்டது. அதற்குக் கீழே மாநில அரசின் ஆணை, அதற்கும் கீழே மாவட்ட ஆட்சியர் அல்லது மாநகராட்சி ஆணையரின் உத்தரவு. இந்த மூன்றில் எது கறாராக இருக்கிறதோ, அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். மாநிலங்கள் இன்னும் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது என்று 2020 ஏப்ரல் 15 வழிகாட்டுதல்களிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் மளிகைக் கடைகளுக்கும் பூட்டு விழுந்தது. ஒன்றிய அரசின் பட்டியலில் மளிகை இருக்கிறதே என்று அப்போது வாதாட முடியவில்லை.

படி 2: பட்டியல் எந்தத் திசையில் ஓடுகிறது?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மார்ச் 24 ஆணை, "வணிக, தனியார் நிறுவனங்கள் எல்லாம் மூடப்படும்" என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு விலக்குகளை அடுக்கியது: ரேஷன் கடை, மளிகை, காய்கறி, பழம், பால், இறைச்சி, மீன், கால்நடைத் தீவனம், வங்கி, ஏடிஎம், பெட்ரோல் பங்க் என்று. இப்படிப்பட்ட ஆணையில் உங்கள் தொழிலின் பெயர் இல்லை என்றால் கடை மூடல்தான். "தையல் கடை மூடணும்னு எங்கேயும் போடலையே" என்று கேட்டுப் பயனில்லை.

2020 மே 17 ஆணை இதை அப்படியே திருப்பிப் போட்டது. தியேட்டர், ஷாப்பிங் மால், ஜிம் போன்றவற்றுக்குத் தடை. குறிப்பிட்டுத் தடுக்காத மற்றதெல்லாம் நடக்கலாம். ஆனாலும் மாநில ஆணையையும் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்க வேண்டும்.

படி 3: விற்பது சரக்கா, சேவையா?

2020 ஏப்ரல் 24 இரவு ஒன்றிய அரசு ஒரு தளர்வு அறிவித்தது. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் தனிக் கடைகளும் குடியிருப்புப் பகுதிக் கடைகளும் பாதிப் பணியாளர்களோடு திறக்கலாம். மாலுக்கும் மார்க்கெட் வளாகத்துக்கும் அனுமதி இல்லை. "எல்லாக் கடையும்" என்றுதானே இருக்கிறது, அப்படியானால் சலூனும் ஓட்டலும் சேர்த்தியா? மறுநாளே விளக்கம் வந்தது: சலூன்களும் உணவகங்களும் சேவை தருபவை, இந்த ஆணை பொருள் விற்கும் கடைகளுக்கு மட்டும். மதுக்கடைக்கும் அனுமதி இல்லை என்றார்கள். ஒரே நாளில் பாதிப் பேரின் சந்தோஷம் போயிற்று. ஆகவே "கடை" என்ற சொல் கண்ணில் பட்டதுமே குதிக்காதீர்கள். ஒரு நாள் பொறுங்கள், விளக்கம் வரும்.

இன்னொரு குழப்பம். 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் சானிடைசரையும் 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் சேர்த்தார்கள். அது பதுக்கலையும் விலையேற்றத்தையும் தடுக்க. கடை திறப்பதற்கான பட்டியல் வேறு.

படி 4: நிபந்தனைகளைத் தனித்தாளில் எழுதுங்கள்

பெயர் இருந்தால் மட்டும் போதாது. நேரம், இடம், கடையின் அளவு, ஏசி, ஆள் எண்ணிக்கை, பார்சலா உட்கார்ந்து சாப்பிடுவதா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் 3,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரிய கடைகளை மூடச் சொன்னார்கள். தனி மளிகைக் கடையையும் ஏசி போடாமல்தான் நடத்த வேண்டியிருந்தது. மே மாதத்தில் உணவகங்களுக்குக் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9 வரை பார்சல் மட்டும். இதில் 11 மணிக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் மீறல்தான்.

நேரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கின் ஆரம்பமே, அனுமதித்த நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டுதான். சட்டப்படி ஒரு மணி நேர மீறலுக்கு என்ன தண்டனை உண்டு என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 188ஆவது பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. மீறலால் உயிர்ச்சேதமோ அதற்கான உடனடி ஆபத்தோ நேர்ந்தால் இரண்டாண்டு வரை. இப்போது 188க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆவது பிரிவு இருக்கிறது. பழைய பதிவுகளில் 144 என்று வரும் தடையுத்தரவும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு.

படி 5: தேதி பார்க்காமல் நம்பாதீர்கள்

2021 மே 10 அன்று மளிகைக் கடைக்கு நண்பகல் 12 வரை நேரம். மே 15 முதல் காலை 10 வரை. மே 24 முதல் முழு முடக்கம், காய்கறி விற்பனை வண்டிகளில் மட்டும். ஒரே மாதத்தில் மூன்று விதம்! யாராவது ஆணையை அனுப்பினால் எண்ணையும் தேதியையும் முதலில் பாருங்கள். முந்தைய ஆணையைத் திருத்தியதா, நீட்டித்ததா என்று தொடக்கப் பத்தியிலேயே இருக்கும். நீட்டிப்பு என்றால் பழையதையும் எடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.

படி 6: கையில் இருக்க வேண்டியவை

தொழில் உரிமம், கடைப் பதிவுச் சான்று, உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புச் சான்று, அதோடு ஆணையில் உங்கள் தொழில் வரும் பக்கத்தின் பிரிண்ட். அந்த வரியைக் கோடிட்டு வையுங்கள். சோதனைக்கு வருபவர் பத்துப் பக்கம் புரட்ட மாட்டார். சில தொழில்களுக்குத் தனி அனுமதியும் வேண்டும்: 2020இல் நிறுத்தாமல் ஓட வேண்டிய ஆலைகள் மாநில அரசிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது, 2021 ஜூனில் எலக்ட்ரீசியன், பிளம்பர் போன்றோர் இ-பதிவு செய்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

மளிகையும் விற்று ஜெராக்ஸும் போடும் கடை மாதிரி இரண்டுங்கெட்டானாக இருந்தால், மளிகைப் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். "திறந்துக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்று போனில் யார் சொன்னாலும், அடுத்த ஷிப்டில் ரோந்து வருபவருக்கு அது தெரியாது.