20% ஹைக் வாங்கி 152 ரூபாய் இழந்த கதையும் இன்னும் சில தவறுகளும்

போன மாதம் பக்கத்து டீம் பையன் ஒருவன் ஹைக் (சம்பள உயர்வு) பேசிவிட்டு மீட்டிங் அறையிலிருந்து வெளியே வந்தான். முகமெல்லாம் பல். "20 பர்சென்ட் அண்ணா!" என்றான். "சந்தோஷம்டா. மாசம் கைக்கு எவ்வளவு கூடும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "20 பர்சென்ட் கூடும்ல?" என்றான்.

அந்த 'கூடும்ல' எனக்குச் சுருக்கென்று தைத்தது. பழைய காயம்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. கம்பெனிகளில் 17 வருடமாக இருக்கிறேன். முதல் பாதியில் ஹைக் கேட்டேன், இப்போது கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறேன். பணிவாகப் பேசு, செய்த வேலைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு போ என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஹைக் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஏப்ரலில் போய்க் கேட்பது

அப்ரைசல் (வேலை மதிப்பீடு) வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது என்றால், பணம் பங்கு போடப்படுவது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். மேனேஜரிடம் டீமுக்கென்று ஒரு மொத்தத் தொகை வரும். உங்களுக்கு இரண்டு சதவீதம் கூட்ட வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து வெட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று எழுதும் அந்த ஷீட்டைப் பூட்டிய பிறகு நீங்கள் போய் நின்றால், உங்கள் நியாயம் புரிந்தாலும் அவர் கையில் ஒன்றும் இருக்காது. மேலே இரண்டு படி ஏறிக் கேட்க வேண்டும். அதற்கு எத்தனை பேர் துணிவார்கள்?

நவம்பரிலேயே வாயைத் திறந்துவிடுங்கள். "இந்த முறை என் சம்பளத்தைக் கொஞ்சம் பார்க்கணும் சார், அதுக்கு நான் என்ன காட்டணும்?" என்று கேட்டால் போதும். ஷீட்டைத் திறக்கும்போது உங்கள் பெயர் அவர் மனதில் இருக்கும்.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது

உங்களுக்கு ஹோம் லோன் இருப்பதுபோல மேனேஜருக்கும் ஒன்று இருக்கிறது.

சதவீதத்தைக் கேட்டதும் "தேங்க்ஸ் சார்" சொல்வது

எனக்கு இன்னும் எரிச்சல் வரும் தவறு இதுதான், ஏனென்றால் அதை நானே செய்தேன்.

2016-இல் என் சி.டி.சி. (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 6 லட்சம். மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, துணிந்து போய்க் கேட்டேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "கிரேடும் ஏத்துறோம், 20 பர்சென்ட் போட்டிருக்கேன்" என்றார். "தேங்க்ஸ் சார்." அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. லெட்டரில் முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டேன். மாதம் எட்டாயிரமாவது கூடும் என்று மனக்கணக்குப் போட்டு, அந்த வாரமே இ.எம்.ஐ.யில் பைக் எடுத்தேன்.

மாதக் கடைசியில் பே ஸ்லிப் வந்தது. முந்தைய மாதத்தைவிட 152 ரூபாய் குறைவு.

யாரோ தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் ஓடினேன். அந்த மேடம், "அனெக்ஸர் பாக்கலையா?" என்று லெட்டரின் பின்னிணைப்பைக் கேட்டுவிட்டு, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தே கணக்குப் போட்டார்.

பழைய 6 லட்சத்தில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40 சதவீதம், அதாவது மாதம் 20,000. கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வருடத்துக்கு 28,800, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 11,544, இன்ஷூரன்ஸ் 6,000. இவை போக மாதம் 46,138. அதில் என் பங்கு பி.எஃப். 2,400 பிடித்தால், வரிகளுக்கு முன் 43,738.

புது 7 லட்சத்து 20 ஆயிரத்தில் பேசிக் 24,000. பி.எஃப். 34,560, கிராஜுவிட்டி 13,853, இன்ஷூரன்ஸ் அதே 6,000. இதுவரை சரி. ஆனால் புது கிரேடுக்கு 15 சதவீதம் வேரியபிள் உண்டு, அதாவது மாதச் சம்பளத்தில் வராமல் பின்னால் கூடவோ குறையவோ தரும் பங்கு. அதுவே 1,08,000. எல்லாம் போக மாதம் 46,466. என் பி.எஃப். 2,880 பிடித்தால் 43,586.

அந்த வேரியபிள் அடுத்த ஜூனில்தான் வந்தது, அதுவும் 60 சதவீதம், 64,800 ரூபாய். பி.எஃப். நம் பணம்தான், எங்கும் போய்விடாது. ஆனால் பைக் இ.எம்.ஐ.யை அதிலிருந்து கட்ட முடியாதே. கிராஜுவிட்டியோ, நிரந்தர வேலையில் 5 வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். நான் மூன்றாவது வருடமே அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை, எல்லாம் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, என்ன செய்யலாம்? கேட்கும்போதே, "மாசம் ஃபிக்ஸடா இவ்வளவு வேணும் சார்" என்று ரூபாயில் கேளுங்கள். அவர் சதவீதத்தில் பதில் சொன்னால், "பிரேக்கப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன் சார்" என்று எழுந்து வாருங்கள். பிரேக்கப் என்றால் எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சம்பள ஷீட். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஷீட் வந்ததும் முதலில் வேரியபிளைப் பாருங்கள்: எப்போது தருவார்கள், போன வருடம் நூற்றுக்கு எத்தனை தந்தார்கள்? அதில் ஒரு பங்கை ஃபிக்ஸடில் சேர்க்கக் கேட்கலாம், முடியாது என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரச் சொல்லலாம். அப்புறம் பி.எஃப்.: முழு பேசிக்கின் மேல் 12 சதவீதமா, 15,000 ரூபாய் உச்சவரம்பின் மேல் 1,800 மட்டுமா? இரண்டு வழியும் நடைமுறையில் உண்டு, மாதக் கணக்கு மாறிவிடும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அவற்றின்படி, மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாக (படிகளாக) இருந்தால், பாதியைத் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கிட வேண்டும். கம்பெனிகள் இதற்காக ஷீட்டை மாற்றும்போது, பழைய ஸ்லிப்பைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

கையில் வேறு கம்பெனி ஆஃபர் இல்லாமல் "பேப்பர் போட்டுடுவேன்" (ராஜினாமா செய்வேன்) என்பது

"சரிப்பா, போடு" என்று மேனேஜர் சொல்லிவிட்டால்? எங்கள் துறையில் பல இடங்களில் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள். ஒருவன் இப்படிப் பேசிவிட்டு, ஆஃபரும் கிடைக்காமல், மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் சீட்டில் வந்து உட்கார்ந்தான். பாவமாக இருந்தது. ஆஃபர் இருந்தாலும் அதை மேஜையில் வீச வேண்டாம். ஒருமுறை அப்படி வாங்கிய ஹைக், அடுத்த அப்ரைசலில் "இவனுக்குத்தான் அப்பவே குடுத்தாச்சே" என்று திரும்பி வரும்.

பக்கத்து சீட்டுக்காரன் சம்பளத்தை இழுப்பது

அவன் சொன்னது சி.டி.சி.யா, கைக்கு வருவதா? முதலில் அதைக் கேளுங்கள்.

பேசியதை மெயிலில் போடாமல் விடுவது

"இப்ப எட்டு பர்சென்ட், மிச்சத்தை அக்டோபர்ல பாத்துக்கலாம்" என்றார் என்னுடைய இன்னொரு மேனேஜர். செப்டம்பரில் அவரே வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "எங்க எழுதியிருக்கு?"

அன்று மாலையே இரண்டு வரி அனுப்பியிருக்கலாம்: "இன்று பேசியதற்கு நன்றி சார். அக்டோபரில் மீண்டும் பரிசீலிக்கலாம் என்று சொன்னீர்கள், நான் குறித்து வைத்திருக்கிறேன்." அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, மெயில் அங்கேயே கிடக்கும்.