ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கத்தியை அல்ல, ஷாஃப்ட்டை

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் என்றதும் எல்லாரும் பயப்படுவது அடியில் சுற்றும் கத்திக்குத்தான். எனக்கு அதைவிடப் பயம், டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் ஓடுகிற பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சக்தியை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் சுழலும் தண்டு. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. லுங்கி நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ அதில் மாட்டினால், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் துணியோடு ஆளையும் இழுத்துவிடும்.

ஷாஃப்ட் மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் வரும், அது கூடவே சுற்றாமல் பிடித்து வைக்க ஒரு சங்கிலியும் இருக்கும். கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று நம் ஆட்கள் முதல் வேலையாகக் கழற்றி எறிவது இதைத்தான். உங்கள் வண்டியில் இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள். லுங்கி, துண்டு வேண்டாம். பேன்ட்டும் உடம்போடு ஒட்டிய சட்டையும் போதும்.

மாட்டும்போது இன்ஜின் அணைந்திருக்கட்டும். லாக் பின் 'டக்'கென்று உட்கார்ந்த பிறகு ஷாஃப்ட்டை ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். இன்னொருவர் ரோட்டவேட்டரை இரவல் வாங்கினால் ஷாஃப்ட் நீளமும் சரிபார்க்க வேண்டும், நீளம் குறைந்தால் ஓட்டத்தில் கழன்று அடிக்கும், கூடினால் ரோட்டவேட்டரைத் தூக்கும் லிஃப்ட் ஏறி இறங்கும்போது முட்டிக்கொள்ளும்.

ஓட்டம் பெரிய வித்தை இல்லை. கத்தி மண்ணைத் தொடாத அளவு தூக்கி வைத்து, குறைந்த வேகத்தில் பி.டி.ஓ.வைப் போட்டு, அப்புறம் மெதுவாக இறக்குங்கள். வேகமாகச் சுற்றும்போது ஒரேயடியாக இறக்கினால் கத்தி மண்ணை உதைத்து வண்டியை முன்னால் தள்ளும். வரப்போரம் திரும்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் பி.டி.ஓ. ஓடும்போது முழு உயரத்துக்குத் தூக்கினால் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

கை போவது பெரும்பாலும் ஓட்டும்போது இல்லை, நடுவில் இறங்கும்போது. பழைய சொட்டுநீர் குழாய், வேலிக்குக் கட்டிய சேலை, வாழை நார் என்று ஏதாவது கத்தியில் சுற்றிக்கொள்ளும். "ஒரு நிமிஷம்தானே" என்று வண்டியை ஓடவிட்டே இறங்குவார்கள், அடுத்த ஆள் தெரியாமல் லீவரில் கை வைப்பார். பி.டி.ஓ.வை எடுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். கத்தி முழுசாக நிற்கட்டும். லிஃப்ட் தூக்கியே நிற்கிறது என்று நம்பி அடியில் கை விடவே கூடாது, ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. கெட்டியான மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகு அறுத்து எடுங்கள்.

மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பதும், ஆழம் இறங்கட்டும் என்று ரோட்டவேட்டர் மேல் ஆளை ஏற்றுவதும் அறவே வேண்டாம். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு இருந்தால் அதன் ஓரத்தை உழாமல் விடுங்கள், அந்த நாலு அடி மண்ணில் என்ன விளைந்துவிடப் போகிறது!

அதிக சுமை வந்தால் தான் முறிந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவது ஷியர் போல்ட். அது உள்ள வண்டியில், கத்தி கல்லில் பட்டு போல்ட் முறிந்தால் அதன் வேலையைச் செய்தது என்று அர்த்தம். கையில் கிடைத்த கெட்டி போல்ட்டை மாட்டினால் அடுத்த கல்லில் கியர் பாக்ஸே போகும். அதே ரக போல்ட் இரண்டு மூன்று டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.