எண்ணெய் கசியாத இடத்தில்தான் கோளாறு

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பம்பு திடீரென்று கூழாங்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போட்டது. சிலிண்டர் ஏறும்போது விட்டுவிட்டு உதறியது. பம்பு தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, அதற்குமுன் டேங்க் மூடியைத் திறந்தேன். எண்ணெய் பால்போல் வெளுத்து, மேலே நுரை கட்டியிருந்தது. மெஷினை நிறுத்தி 1 மணி நேரம் விட்டதும் நுரை அடங்கித் தெளிந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் தெளியாது. சரி, எண்ணெயில் கலந்தது காற்றுதான்.

எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. பம்புக்குப் போகும் எண்ணெயை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைக் கழுவியும் பலனில்லை. அப்புறம் பம்பை ஓடவிட்டு, மோட்டாரோடு பம்பை இணைத்துச் சுழலும் கப்ளிங் பக்கம் கை போகாமல், டேங்கிலிருந்து பம்பு எண்ணெய் உறிஞ்சும் சக்‌ஷன் இணைப்புகளில் ஒவ்வொன்றாக கிரீஸ் தடவினேன். டேங்க் பக்கத்தில் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் தடவியதும் சத்தம் சட்டென்று தணிந்தது. ஒரு சொட்டுகூடக் கசியாத இடம் அது! பம்பு உறிஞ்சும்போது அங்கே எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

கழற்றிப் பார்த்தால் ஹோஸ் முனையில் மயிரிழை வெடிப்பு. புது ஹோஸ், புது கிளாம்ப் மாட்டி, சுமையில்லாமல் சிலிண்டரைப் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றி இறக்கினேன். உதறல் நின்றது. பழைய பம்பு இன்னும் ஓடுகிறது.