விழுந்த இடத்தைச் சொல்லுங்கள்: புதியவரின் பிளாட்ஃபார்ம் கேமுக்குக் கருத்துரைப்பது எப்படி

ஓய்வு நேரங்களில் தனியாக உட்கார்ந்து கோடோ, யூனிட்டி போன்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் தம் முதல் பிளாட்ஃபார்ம் கேமை (மேடைக்கு மேடை தாவிக் குழிகளைத் தாண்டிச் செல்லும் ஆட்டத்தை) உருவாக்கிய ஒருவர், அதை விளையாடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி உங்களைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நன்றாக இருக்கிறது" என்பதும் "கட்டுப்பாடு சரியில்லை" என்பதும் அவருக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டைக் கொண்டும் எதைத் திருத்துவது என்று அவரால் முடிவுசெய்ய இயலாது. தம் கேமின் ஒவ்வொரு குழியையும் நூற்றுக்கணக்கான முறை தாண்டிப் பழகிவிட்ட அவருக்கு, முதன்முறை விளையாடுபவரின் தடுமாற்றம் மட்டும் இனிக் கிடைக்காது. அது உங்களிடம் இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு முறைக்கு.

ஆகவே முதல் ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே திரைப்பதிவை இயக்கிவிடுங்கள். உருவாக்கியவரிடம் குறிப்பு எதுவும் கேட்காமல் விளையாடுங்கள். விழுந்த ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்று மூன்றையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். கீபோர்டா கண்ட்ரோலரா, திரை எத்தனை ஹெர்ட்ஸ் (வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது) என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது அற்ப விவரமன்று: இயக்கக் கணக்கை நேரத்தோடு பிணைக்காமல் ஃபிரேமோடு, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்தோடும், பிணைத்திருந்தால், 60 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாக ஓடும் பாத்திரம் 144 ஹெர்ட்ஸ் திரையில் இரு மடங்கைத் தாண்டிய வேகத்தில் ஓடக்கூடும், உருவாக்கியவர் தம் கணினியில் எத்தனை முறை சோதித்தாலும் அந்தப் பிழை அவர் கண்ணில் படாது.

அதிகக் கவனம் தாவலுக்கே உரியது. "அழுத்தினேன், தாவவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். எப்போது அழுத்தினாலும் தாமதம் தெரிந்தால், விசையை விடும்போதுதான் கேம் அதைக் கணக்கில் எடுக்கிறது, அல்லது தாவுவதற்கு முன் குனியும் அசைவு நீளமாக இருக்கிறது என்று ஊகிக்கலாம். மேடையின் விளிம்பில் மட்டும் தவறினால், கால் தரையை விட்டகன்ற பிறகு அழுத்தியிருப்பீர்கள். கீழிறங்கும்போது மட்டும் தவறினால், தரையைத் தொடும் முன்பே அழுத்தியிருப்பீர்கள். பின்னிரண்டும் கணக்குப்படி ஆடுபவரின் பிழைதான். ஆயினும் தேர்ந்த கேம்கள் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றன. 2018-இல் வெளிவந்த செலஸ்ட் கேமில், விளிம்பைத் தாண்டிய பின்னும் 0.1 வினாடிவரை தாவ இடமுண்டு; வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது அது 6 ஃபிரேம். மலைவிளிம்பைத் தாண்டி ஓடி ஒரு கணம் அந்தரத்தில் நின்ற பின்பே விழும் கார்ட்டூன் கயோட்டியை (ஓநாய் போன்ற விலங்கு) நினைத்து, இந்தச் சலுகையைக் கயோட்டி டைம் என்று அழைக்கிறார்கள். எது காரணம் என்று அறிய, ஒரே விளிம்பிலிருந்து பத்து முறை கடைசி நொடியில் தாவிப் பாருங்கள்; பிறகு பதிவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, விசையை அழுத்திய கணத்தில் பாத்திரத்தின் கால் எங்கே இருந்தது என்று பாருங்கள். "இரண்டாம் லெவலின் மூன்றாவது குழியில் பத்தில் நான்கு முறை தாவல் நடக்கவில்லை, நான்கிலும் கால் விளிம்பைச் சற்றே தாண்டியிருந்தது" என்ற ஒரு வாக்கியம், ஒரு பக்க விமர்சனத்தைவிட அவருக்கு உதவும்.

விசையை நீளமாக அழுத்தினால் உயரமாகவும் தட்டிவிட்டால் தாழ்வாகவும் தாவுகிறதா என்றும் பாருங்கள். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸிலேயே இது உண்டு. முள்ளைத் தொடாமலே இறந்ததாகத் தோன்றினால் அந்தக் கணத்தின் படத்தை இணைத்தாலே போதும். முள்ளின் ஹிட்பாக்ஸ், அதாவது தொட்டதாகக் கேம் கணக்கிடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் முள்ளைவிடப் பெரிதாக இருப்பது அவருக்கே விளங்கிவிடும்.

லெவலைப் பற்றிப் பேசும்போது கடினமும் அநியாயமும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. இறந்த மறுகணமே ஏன் இறந்தோம் என்று தெரிந்தால் அது கடினம். திரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குதிக்க வேண்டியிருந்தால் அது அநியாயம். அங்கே கேமரா கீழே நகராதது பிழையா, லெவலின் அமைப்பு பிழையா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். இறந்தபின் ஆட்டம் மீண்டும் தொடங்கும் இடமான செக்பாயிண்டைப் பொறுத்தவரை கடிகாரம் பேசட்டும்: விழுந்த இடத்துக்குத் திரும்பிவர எத்தனை வினாடி ஆயிற்று, அதில் எத்தனை வினாடி வெறுமனே நடந்தீர்கள் என்று சொன்னால் வாதத்துக்கு இடமிருக்காது.

மருந்து எழுதிக்கொடுக்கும் ஆசையை அடக்குங்கள். நண்பர் ஒருவரின் கேமைப் பார்த்து "இரட்டைத் தாவல் சேர்க்கலாமே" (அந்தரத்தில் இருக்கும்போதே மறுபடி தாவும் வசதி) என்று நான் ஒருமுறை எளிதாகச் சொல்லிவிட்டேன். அவரும் சேர்த்தார், ஒற்றைத் தாவலின் தூரத்தை அளந்து வைத்திருந்த குழிகள் எல்லாம் ஒரே நாளில் அர்த்தமிழந்தன. எனக்கிருந்த உண்மையான குறை, ஒரே ஒரு குழி சற்று அகலமாக இருந்தது என்பதுதான்.

பாராட்டையும் இதே துல்லியத்தோடு எழுதுங்கள். எந்தத் தாவல் கைக்கு இதமாக இருந்தது என்று அறியாதவர், வேறொன்றைத் திருத்தப்போய் ஈர்ப்பு விசையின் மதிப்பை மாற்றி அதையும் கெடுத்துவிடக்கூடும். குறைகளில் ஆட்டத்தையே நிறுத்தவைத்த இரண்டு மூன்றை முதலில் வையுங்கள். வண்ணமும் இசையும் பின்னால் வரலாம். இரண்டே நாளில் போட்டிக்காகச் செய்த கேம் என்றால் அவற்றை விட்டுவிட்டாலும் பாதகமில்லை.

அவர் திருத்தி அனுப்பும் புதிய பதிப்பில் உங்கள் கை ஏற்கெனவே பழகியிருக்கும். குழி எளிதாகிவிட்டதா, நீங்கள் தேர்ந்துவிட்டீர்களா என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதைத் தம்பியிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்து, அருகில் அமர்ந்து குறிப்பெடுங்கள். அந்தப் பிள்ளை அதே குழியில் ஐந்தாம் முறை விழும்போதும் "இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய்த் தாவு" என்று சொல்லிவிடாதீர்கள்.