சிஜிபிஏவும் சிநேகிதமும்: பொறியியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை படிபடி என்று ஓடிவிட்டு, நல்ல கல்லூரியில் இடமும் ஹாஸ்டலில் கட்டிலும் கிடைத்தவுடன் காதில் விழும் முதல் அறிவுரை: “ஃபர்ஸ்ட் இயர் ஜாலியா இருடா, தேர்ட் இயர்ல பாத்துக்கலாம்.” நம்பாதீர்கள். சிஜிபிஏ என்பது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து, பத்துக்கு எவ்வளவு என்று போடும் சராசரி. எட்டு செமஸ்டருக்கும் கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை) ஏறத்தாழ சமம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் இரண்டில் 6 வாங்கியவர் கடைசியில் 8-இல் முடிக்க, மீதி ஆறிலும் சராசரியாக 8.67 எடுக்க வேண்டும். நான்கு செமஸ்டரை 6-இலேயே ஓட்டிவிட்டால், மீதி நான்கிலும் பத்துக்குப் பத்து வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூ பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். அப்போது கையில் இருப்பது ஆறு செமஸ்டர் மதிப்பெண்தான்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது: படிப்பு கெட்டுவிடும் என்று பயந்து, யாரோடும் பேசாமல் அறைக்குள் அடைந்துகொள்வது. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் முதலாவதாக வந்த பிள்ளைகள் பலர் இதில் மாட்டுகிறார்கள். இங்கிலீஷ் தடுமாறுமோ, யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம். என் ரூம்மேட் அப்படித்தான் இருந்தான். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்காக மினி டிராஃப்டரை (வரைபலகையில் பொருத்திக் கோடு போடும் கருவி) மாட்டிக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை தனியாக வரைவான். ஒவ்வொரு கோடும் அவ்வளவு சுத்தம். ஆனால் டாப் வியூவை (பொருளை மேலிருந்து பார்க்கும் படம்) ஃப்ரன்ட் வியூவுக்கு (முன்னிருந்து பார்க்கும் படம்) மேலே போட்டிருந்தான். லைப்ரரியில் எடுத்த அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பழகியது அது. அங்கே தேர்ட் ஆங்கிள் முறை, டாப் வியூ மேலே வரும். நம் நாட்டில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறை, டாப் வியூ கீழே வர வேண்டும். பக்கெட் இரவல் கேட்டு வந்த பக்கத்து ரூம் பையன் ஷீட்டை எட்டிப் பார்த்து, “மச்சி, மேல கீழ மாறியிருக்குடா” என்றான். ஒரு மாத உழைப்பின் கோளாறு ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. அதற்குள் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்திருந்தது. அன்றிலிருந்து மெஸ்ஸில் எங்களோடு உட்கார ஆரம்பித்தான். அவன் சந்தேகங்களில் பாதி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே தீர்ந்தன, எங்களுடையதும்தான்.

கம்பைன் ஸ்டடி என்று எட்டுப் பேர் கூடுவது வேறு கதை. ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, பத்தரைக்கு டீ, பதினொன்றுக்கு யாரோ ஒருவரின் காதல் பஞ்சாயத்து. புத்தகம் மடியிலேயே இருக்கும். படிக்கவும் இல்லை, மனம்விட்டுச் சிரிக்கவும் இல்லை. இரண்டு மூன்று பேர் போதும். ஆளுக்கொரு கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, மற்றவருக்கு விளக்குங்கள். அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு டீக்குப் போங்கள். அந்த அரட்டைக்குக் குற்ற உணர்வே வேண்டாம்.

வருகைப் பதிவை மறந்துவிட்டு கல்ச்சுரல்ஸில் இறங்குவதும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். அதாவது 45 மணி நேரப் பாடத்தில் 11 மணி நேரம்தான் விடலாம். உடல்நலக் காரணத்துக்குச் சான்று காட்டினால் 65 வரை சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. ஓ.டி. (நிகழ்ச்சிக்குப் போகும் நேரத்தையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) கையெழுத்தை நிகழ்ச்சிக்கு முன்பே வாங்கிவிடுங்கள், முடிந்த பிறகு அலையாதீர்கள்.

அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் தோற்றால், சிலர் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து விலகி, வீட்டுக்கு ஃபோன் செய்வதையும் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். ஒளிந்திருக்கும்போதே அந்தத் தேதி போய்விடும். நகல் வந்ததும், அந்தப் பாடம் நன்றாகத் தெரிந்த நண்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் ரிசல்ட் வந்த ராத்திரியே சொல்லிவிடுங்கள்.