மஞ்சள் விளக்கு மினுக்கினால் ஒன்று, நின்று எரிந்தால் வேறு

மழை விட்டதும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் போனால், செம்பனை லோரிகள் டயரில் அள்ளி வந்த தோட்டத்துச் செம்மண் தார் மேல் குழம்பாகக் கிடக்கும். வளைவில் காடியின் பின்பக்கம் லேசாக இழுக்கும், மீட்டரில் மஞ்சள் விளக்கு மினுக்கும். காடிப் படத்துக்குக் கீழே பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு கோடு போட்ட விளக்கு. டொயோட்டாவிலும் பெரோடுவாவிலும் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, புரோட்டோனில் இஎஸ்சி என்பார்கள். வேலை ஒன்றுதான்: வழுக்கும் காடியைப் பிடித்து நேர்வழிக்குக் கொண்டுவருவது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வேக சென்சார், ஸ்டீரிங் எவ்வளவு திரும்பியது என்று சொல்ல ஒன்று, காடியின் உடல் எவ்வளவு சுழல்கிறது என்று சொல்ல ஒன்று. நீங்கள் போக நினைக்கும் திசையையும் காடி உண்மையில் போகும் திசையையும் இவற்றை வைத்துக் காடியின் கம்ப்யூட்டர் விநாடிக்குச் சுமார் 25 தடவை ஒப்பிடும். வலது வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்கினால் இடது முன்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். மூக்கு திரும்பாமல் நேரே ஓடினால் வலது பின்சக்கரத்துக்கு விழும். கூடவே இஞ்சின் இழுவையும் குறையும். 'கர்ர்' என்று பம்ப் சத்தம் கேட்கலாம், பயப்பட வேண்டாம்.

ஆக, மினுக்கினால் அது வேலை செய்கிறது. ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுங்கள், போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டீரிங்கைப் பிடியுங்கள். தேய்ந்த டயருக்கு இது மருந்தில்லை. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பள்ளம்தான். இந்தச் சடக்குக்கு 3-க்குக் கீழே போனதும் மாற்றுவதே நல்லது.

'ஆஃப்' என்ற எழுத்தோடு எரிந்தால் இதை அணைக்கும் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். சேற்றில் மாட்டினால் அந்தப் பொத்தான்தான் கை கொடுக்கும், ஏனென்றால் சக்கரம் சுற்றச் சுற்ற கம்ப்யூட்டர் இஞ்சினை அடக்கிவிடும். பல காடிகளில் நின்ற இடத்தில் 3 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி அழுத்துங்கள்.

நின்று எரிந்தால் பழுது. அது மட்டும் எரிந்தாலும், ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) விளக்கு சேர்ந்தாலும் சாதாரண பிரேக் இருக்கும், மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

சென்சாருக்குப் பணம் கொடுக்குமுன் சும்மா கிடைக்கும் சோதனைகளை முடியுங்கள். பேட்டரி கழற்றிய பிறகு எரிந்தால், ஸ்டீரிங்கை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பி நடுவில் விட்டு, கொஞ்ச தூரம் நேராக ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். நான்கு டயரும் ஒரே அளவா, காற்று சமமா? பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா? மிதியடியில் இருக்கும் சுவிட்ச் கெட்டாலும் இந்த விளக்கு வரும். பிறகு சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டத்து எலிக்கு சென்சார் வயர் என்றால் கொள்ளை ஆசை.

மலிவான ஸ்கேனர்கள் இஞ்சின் பழுதுக் குறியீட்டை மட்டுமே படிக்கும். 'சி' என்று தொடங்கும் ஏபிஎஸ் குறியீட்டைப் படிக்கும் கருவி இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். எந்தச் சக்கரம் என்று அதுவே சொல்லும். புது வகை சென்சாரை ஓம் மீட்டரில் அளப்பதில் பலன் இல்லை.

பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு வந்தால் சந்தேகம் பேரிங் மேல்தான். பல காடிகளில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். பேப்பர் கிளிப்பை அருகே காட்டினால் இழுக்கும் முகம் அது. தலைகீழாக அடித்து ஏற்றிவிட்டால் சக்கரம் சுற்றும், சிக்னல் மட்டும் வராது. அலைன்மெண்ட் செய்தபின் வந்தால் ஸ்டீரிங் சென்சாருக்குப் பூஜ்யம் வைக்க மறந்திருப்பார்கள்.

பழைய காடி வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பி இஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். அந்த விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் மீட்டரைப் பிரித்து யாரோ அதை ஊமையாக்கி வைத்திருக்கலாம்.